சிறிய கமராவின் மீது பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த திருகோணமலைக் கோணேசர் கோயில் தொட்டில் படத்தை எடுத்து அனுப்பியவன் நான். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்கு அருகில் கடலைப் பார்த்தபடி நிற்கும் மரத்தில், பிள்ளை வரம் வேண்டுவோர் கட்டிவிட்டுப் போகும் சின்னஞ்சிறு மரத் தொட்டில்களின் படம் அது. அச்சில் வந்தபோது தொட்டிலா குளவிக் கூடா என்று பிரித்தறிய முடியாதபடி மங்கிக் கிடந்தது. அடுத்த வாரமே மட்டக்களப்பு வாசகர் ஒருவர், சட்டைப் பைக்குள் அடங்கும் கமராக்களின் காலம் முடிந்துவிட்டது என்றும், அவற்றில் எடுத்த படங்களைப் பத்திரிகை ஏற்கவே கூடாது என்றும் எழுதியிருந்தார். படம் கெட்டது உண்மை. அதைக் கெடுத்தவன் நான். கமரா செய்த குற்றம் அதில் மிகச் சிறிது. இதை விளக்கச் சிறிது இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் அரச அலுவலகம் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். 0.18 மில்லிமீற்றர் கோட்டையும் 0.25 மில்லிமீற்றர் கோட்டையும் வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்லிச் சம்பளம் வாங்கியவனுக்கு, தன் பெயர் போட்ட படம் ஊரெங்கும் மங்கலாகப் போவது எவ்வளவு வெட்கம் என்பதைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம். என் கமரா 12 மெகாபிக்சல், அதாவது ஒரு படத்துக்கு 12 மில்லியன் பிக்சல் (புள்ளி), கொண்ட பழைய சாதனம். அலுமாரிக்குள் கிடந்த அதை வெளியில் எடுத்தவள் உயர்தரம் படிக்கும் என் பேர்த்தி. அவளுடைய வயதுப் பிள்ளைகளிடம் இந்தப் பழைய கமராக்களுக்கு இப்போது ஒரு மவுசு வந்திருக்கிறது. பிளாஷ் அடித்து முகம் வெளிறிப்போன படங்கள்தாம் அழகு என்கிறார்கள். அது அவர்கள் பாடு.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், சூரியன் கடலுக்கு மேல் வருமுன், மரத்துக்குப் பதின்மூன்று அடி தள்ளி நின்று, சூமை முழுவதும் இழுத்து, ஒற்றைக் கையால் படத்தை எடுத்தேன். மற்றக் கையில் அர்ச்சனைத் தட்டு இருந்தது. வெளிச்சம் போதாததால் கமரா தானாகவே ஐ.எஸ்.ஓ. 800 என்ற ஒளியுணர்திறனையும், 1/20 செக்கன் ஷட்டர் வேகத்தையும் (ஒளி உள்ளே விழும் நேரம்) தெரிந்தெடுத்திருக்கிறது. பிலிம் கமராக் கணக்கில் 140 மில்லிமீற்றர் வரை இழுத்த லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/140 செக்கனுக்குக் குறையக் கூடாது என்பது பழைய படப்பிடிப்பாளர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. நான் அதற்கு ஏழு மடங்கு பின்னால் நின்றேன். கைநடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு கமராவில் இருந்தும், காற்றில் ஆடிக்கொண்டிருந்த தொட்டிலை அது என்ன செய்யும்? அந்த அமைப்பு என் கையை நிறுத்தும்; கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து வரும் காற்றை நிறுத்தாது.

பிழை அத்துடன் முடியவில்லை. வீட்டுக்கு வந்து படத்தைக் கைத்தொலைபேசிக்கு மாற்றி, செய்திச் செயலி ஒன்றின் வழியாகத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். 4000 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படத்தை அந்தச் செயலி 1600 புள்ளிகளாகச் சுருக்கி, அதன் மேலும் இறுக்கி அனுப்பியிருக்கிறது. ஜேபெக் (JPEG) என்ற படக்கோப்பு முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் அந்தக் கட்டங்களின் விளிம்பே ஓடு வேய்ந்தாற்போல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அப்படிப் போன படத்தில், ஒரு தொட்டில் மட்டும் தெரியட்டும் என்று தங்கள் பக்க வடிவமைப்பாளர் நான்கில் ஒரு பங்கு அகலத்தை வெட்டியெடுத்திருக்கிறார். மிஞ்சியது 400 புள்ளி. அதை நான்கு பத்தி அகலத்துக்கு, ஏறத்தாழ எட்டு அங்குலத்துக்கு, இழுத்துப் போட்டால் அங்குலத்துக்கு 50 புள்ளிதான் வரும். பத்திரிகைத் தாளுக்கு அங்குலத்துக்கு 200 புள்ளி இருப்பது நல்லது. உலகத்தின் விலையுயர்ந்த கமராவைக் கொண்டுவந்து எடுத்திருந்தாலும் இந்த வழியாகப் போன படம் இதைவிடப் பெரிதாகத் தேறியிராது.

சிறிய கமராவுக்குக் குறையே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. என் கமராவில் ஒளியைப் பதியும் துண்டான சென்சர் 6.17 மில்லிமீற்றர் அகலமும் 4.55 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. பரப்பு 28 சதுர மில்லிமீற்றர். பெரிய கமராக்களில் உள்ள, 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள முழுச்சட்ட சென்சரின் பரப்பு 864. முப்பது மடங்கு வித்தியாசம். அந்தச் சிறு துண்டில் 12 மில்லியன் பிக்சல்களை அடைத்தால் ஒவ்வொன்றும் ஒன்றரை மைக்ரோமீற்றர் அகலம்தான் வரும். அதில் விழும் ஒளி குறைவு. ஒளி குறைந்தால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கிளம்பும். அந்தப் புள்ளிகளைத் துடைக்கப் புறப்படும் கமராவின் மென்பொருள், இருக்க வேண்டியவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். பிரெடெரிக் கோட்டை வாசலில் மேயும் புள்ளிமானை அந்தி நேரத்தில் இந்தக் கமராவால் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: மானின் முதுகில் மயிர் இராது, நீர்வர்ணம் பூசியது போல் ஒரு வழவழப்புத்தான் இருக்கும்.

மெகாபிக்சல் கூடக்கூடப் படம் தெளிவாகும் என்பதும் விற்பனைப் பேச்சே. கெனன் நிறுவனம் 2008இல் ஜி10 கமராவுக்குக் கொடுத்த 14.7 மெகாபிக்சலை, 2009இல் வந்த ஜி11இல் 10ஆகக் குறைத்தது. சோனி 2012இல் வெளியிட்ட ஆர்எக்ஸ்100இல் சென்சரின் பரப்பையே 116 சதுர மில்லிமீற்றராக்கி, பைக்குள் அடங்கும் கமராவுக்கும் நல்ல படம் வரும் என்று காட்டியது.

பெரிய கமராவில் பழகியவர்கள் சிறிய கமராவைக் கையில் எடுத்ததும் செய்யும் தவறு ஒன்று உண்டு. தெளிவு வேண்டும் என்று லென்ஸின் துளையை எஃப் 8 வரை சுருக்குவார்கள் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்). சிறு துளை வழியே வரும் ஒளி விலகிப் பரவும். எஃப் 8இல் ஒரு புள்ளி ஒளி சென்சரில் ஏறக்குறைய 10.7 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள வட்டமாக விழும். என் கமராவின் கணக்கில் அது ஏழு பிக்சல் அகலம். எஃப் 2.8இல் அதே வட்டம் இரண்டரை பிக்சலுக்குள் அடங்கும். ஆகவே சூமை இழுக்காமல், துளையை விரிந்தபடி விட்டு, காலால் நடந்து கிட்டப் போவதே சிறிய கமராவுக்கு ஏற்ற முறை. டிஜிட்டல் சூம் என்று ஒன்று இருக்கிறதே, அது படத்தை வெட்டிப் பெருப்பிப்பதேயன்றி வேறல்ல. அதை ஒரேயடியாக நிறுத்தி வைத்துவிடலாம்.

இத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு, பேர்த்தியையும் அழைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கோயில் மலைக்குப் போனேன். காலை ஏழு மணி. வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. பயறு நிரப்பித் தைத்த சிறு துணிப்பை ஒன்றை மதிலின் மேல் வைத்து, அதில் கமராவைப் பதித்து, தொட்டிலுக்கு இரண்டடி தூரத்தில், ஐ.எஸ்.ஓ. 100இல், இரண்டு செக்கன் டைமரில் எடுத்தோம். விரல் பட்டு அசையாமலிருக்கத்தான் அந்த டைமர். முதற் படத்தில் தொட்டில் ஆடிவிட்டது. ஐ.எஸ்.ஓ.வை 200ஆக்கி ஷட்டர் வேகத்தை 1/250 செக்கனுக்கு ஏற்றி, காற்று ஓயும் கணத்துக்குக் காத்திருந்து, பதினொரு படம் எடுத்ததில் ஒன்று தேறியது. மரத்தின் ரேகை, மஞ்சள் பூசிய கயிற்றின் முறுக்கு, அந்த முறுக்குக்குள் சிக்கியிருந்த ஒரு காய்ந்த வேப்பிலை எல்லாம் தெரிந்தன. சென்ற முறை அந்த வேப்பிலை அங்கே இருந்ததா என்பதைக்கூட என் பழைய படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எங்கள் ஊருக்கென்று சில தொல்லைகளும் உண்டு. கடற்கரையில் கால் மணி நேரம் நின்றால் லென்ஸில் உப்புப் படலம் ஏறிவிடும். சிறிய கமராவின் லென்ஸ் ஒரு பட்டாணி அளவு. அதில் ஒரு விரல் ரேகை பட்டாலே முழுப்படமும் புகை மூடியதாகிவிடும். அதைச் சாரம் நுனியால் தேய்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். உப்புப் பரலும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதி, பின்பு மூச்சுக்காற்றின் ஈரத்தில் மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியவுடன் கமராவை வெளியில் எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். கால் மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். நிலாவெளி மணலைப் படமெடுத்தால் கமரா அந்த வெண்மையைக் கண்டு ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கும். அங்கே ஒளியளவை அரைப்படியோ சற்று மேலாகவோ கூட்ட வேண்டும். கடலில் சூரியன் எழும்போது இதற்கு மறுதலை, குறைக்க வேண்டும். வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் நண்பகற் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் கண்குழிகள் கறுத்துப்போகும். அப்போது பட்டப்பகலிலும் பிளாஷ் உதவும், ஆனால் ஆறேழு அடிக்குள் நிற்பவர்களுக்குத்தான்.

இனிப் படத்தைச் செப்பனிடும் வேலை. கமராவின் பட்டியலில் கூர்மை, நிறச்செறிவு, ஒளிமுரண் ஆகியவற்றைக் கூட்டி வைத்திருப்பவர்கள் ஒருபடி குறைத்து வைக்க வேண்டும். கமரா அவசரத்தில் செய்வதைக் கணினியில் நாம் நிதானமாகச் செய்யலாம். சென்சர் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரோ (RAW) கோப்பு எடுக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளையே வைத்திருக்கும். 12 பிட் ரோ கோப்பில் 4096 படிகள் இருக்கும். பழைய கெனன் சிறு கமராக்கள் பலவற்றுக்கு, தன்னார்வலர்கள் எழுதிய சி.எச்.டி.கே. என்ற இலவச நிரலை மெமரி கார்டில் ஏற்றினால் அந்த வசதி கிடைக்கும். கணினியில் திருத்துவதற்கு ஜிம்ப், டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; களவுப் பிரதி தேடி அலைய வேண்டியதில்லை.

கூர்மையாக்கும் வேலையைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் பெரும்பாலான படங்கள் கெடுவது இந்த இடத்தில்தான். ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற கருவி, படத்தின் மங்கலான பிரதியொன்றைத் தானே உண்டாக்கி, மூலத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை விளிம்புகளில் கூட்டிவிடுகிறது. அதாவது விளிம்பின் ஒரு பக்கத்தைச் சற்றுக் கறுப்பாக்கி, மறுபக்கத்தைச் சற்று வெளுப்பாக்குகிறது. எடுக்கும்போது பதியாத மயிரிழையை அதனால் கொண்டுவர முடியாது. இந்த மாற்றம் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் பரவும் என்பதைக் குறிக்கும் ஆரத்தை இரண்டு மூன்று என்று ஏற்றினால், வானத்தை ஒட்டிய கோபுரத்தின் ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கோடு இழுத்தாற்போல் வெள்ளை வளையம் விழும். நான் வைப்பது ஆரம் 0.8, அளவு 0.7, வானமும் கன்னமும் பொரிப்பொரியாகாதிருக்க, எவ்வளவு வித்தியாசத்துக்கு மேல் கூர்மையாக்குவது என்ற தொடக்க எல்லையைச் சிறிது உயர்த்துவேன். நிறப்புள்ளிகளைத் துடைத்து, ஒளியைச் சரிசெய்து, வேண்டிய அளவுக்கு வெட்டிச் சிறிதாக்கியபின் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை இது. முதலிலேயே கூர்மையாக்கினால் புள்ளிகளும் சேர்ந்து கூராகும். திருத்தியதை ஜேபெக்கில் திரும்பத் திரும்பச் சேமிப்பதும் ஆகாது. ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் போய்விடும்.

பத்திரிகைத் தாளில் மை பரவுகிறது. கணினியில் நடுத்தரமாகத் தெரிகிற நிறம் அச்சில் இருண்டுவிடுகிறது. எங்கள் மாநிறமான முகங்கள்தாம் இதில் அதிகம் அடிபடுகின்றன. பத்திரகாளி அம்பாள் ஆலயத் தேர்த்திருவிழாப் படங்களில் வடம் பிடிப்பவர்களின் வேட்டி மட்டும் வெள்ளையாய்த் தெரிய, முகமெல்லாம் கரிக்கட்டியாகக் கிடப்பதைத் தங்கள் வாசகர்கள் கண்டிருப்பார்கள். அனுப்பமுன் நடுத்தர ஒளியைச் சற்று உயர்த்தி, திரையில் பார்ப்பதற்கு வேண்டியதைவிட ஒரு சிட்டிகை கூடுதலாகக் கூர்மையாக்கினால் அச்சில் சரியாக வரும் என்பது என் அனுபவம்.

ஆகையால் தங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஞாயிறு இணைப்பின் ஓரத்தில், படம் அனுப்புவோர் மூலக்கோப்பை மின்னஞ்சலில் இணைத்தே அனுப்ப வேண்டும் என்று இரண்டு வரி போடுங்கள். எத்தனை பத்தி அகலத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பதையும் குறிப்பிட்டால், வெட்ட வேண்டியதை நாங்களே வெட்டி அனுப்புவோம்; இரண்டு பத்திப் படத்துக்கு 800 புள்ளி அகலம் போதும் என்பதை அறிந்தால், கமரா சிறியதென்று கூச்சப்படும் பலர் துணிந்து அனுப்புவார்கள். இக்கடிதத்துடன், புதிதாக எடுத்த தொட்டில் படத்தின் மூலக்கோப்பையும் நான் திருத்திய பிரதியையும் இரண்டு பத்தி அளவில் இணைத்திருக்கிறேன். இடமிருந்தால் இரண்டையும் அருகருகே வெளியிடுங்கள்; மட்டக்களப்பு அன்பர் கயிற்றில் வேப்பிலையைத் தேடிப் பார்க்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.