செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வெளியூர் வேலைக்குப் போகும் எச்.ஐ.வி. உள்ளோரின் பாலியல் நலம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பான உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கூட்டத் தீர்மானங்கள் மினிட் புத்தகத்தில் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். உதவித்தொகை மனுக்களும் பிள்ளைகளின் படிப்பு உதவியும் வழக்கம்போல நடந்தன. ஆகவே, செயற்குழு இந்த ஆண்டு அதிகம் பேசிய ஒரு விஷயத்துக்கே அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன்.

பென்னாகரம், அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்து ஆட்கள் பெங்களூரு கட்டட வேலைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், குடகு காப்பித் தோட்டங்களுக்கும், கேரளாவுக்கும் போகிறார்கள். எதிர்த்திசையில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் ஓசூர் சிப்காட்டுக்கும் கிரானைட் பட்டறைகளுக்கும் வருகிறார்கள். 44ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர்கள் எந்த ஊர் ஏ.ஆர்.டி. மையத்துக்கும் (எச்.ஐ.வி. மருந்து தரும் மையம்) நிலையாக வர முடிவதில்லை. இவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாத்திரையை எப்பாடுபட்டாவது வாங்கிவிடுகிறார்கள், வர முடியாதபோது வீட்டிலிருந்து யாராவது வந்து வாங்கிக் கொடுத்தனுப்புகிறார்கள். ஆனால் ரத்தத்தை அப்படிக் கொடுத்தனுப்ப முடியாது. கிரந்திப் (சிஃபிலிஸ்) பரிசோதனை, வைரல் லோடு (ரத்தத்தில் எச்.ஐ.வி. வைரஸின் அளவு), பெண்களுக்கான கருப்பை வாய்ப் பரிசோதனை மூன்றும் விட்டுப்போகின்றன. சங்கத்தின் அடுத்த ஆண்டு உழைப்பு இந்த இடத்தில்தான் விழ வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு.

மாத்திரை அறுபடும் இடம்

எச்.ஐ.வி.க்குக் கொடுப்பது டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. உடல்நிலை சீராக இருப்பவருக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். குடகுக்குக் கார்த்திகையில் போகிறவர் பழம் பறித்து முடித்து மாசியில்தான் திரும்புவார். கணக்குப் போட்டால் கடைசி மாதம் கையில் மருந்து இருக்காது. புறப்படும் முன்பே மையத்து ஆலோசகரிடம் எந்த ஊர், எத்தனை மாதம் என்று சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தங்குகிறவர் முறையாக டிரான்ஸ்பர் வாங்கிக்கொள்வது நல்லது. குறுகிய காலம் போகிறவர் தன் சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகத்தைக் காட்டி அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் தற்காலிகமாக மருந்து வாங்கலாம். டிரான்ஸ்பர் கடிதம் எழுதி வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது. புதிய மையத்தில் போய்ப் பெயர் பதிந்தால்தான் அது முடிந்த டிரான்ஸ்பர். கடிதம் பெட்டியின் அடியில் கிடக்க, இரண்டு மையத்திலும் பெயர் இல்லாமல் நடுவில் நிற்கிறவர்களையே நாம் அதிகம் தேட வேண்டியிருக்கிறது.

பத்துப் பேர் தங்கும் தகர ஷெட்டில் டப்பாவைக் குலுக்கினால் சத்தம் கேட்கும். அதற்குப் பயந்து மாத்திரையைப் பாலிதீன் பையில் மடித்து வைக்கிறார்கள், ஈரம் ஏறிக் கெட்டுப்போகிறது. டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுத்தெறியக் கூடாது. மூடிக்கு அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்தால் சத்தம் அடங்கிவிடும். நைட் ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்கள் கடிகார நேரத்தை நம்புவதைவிட, எந்த ஷிஃப்டிலும் தவறாத ஒரு வேளைச் சாப்பாட்டோடு மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட வேண்டும். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

நேரம் கெட்ட நேரத்தில் கடைச் சாப்பாடு சாப்பிட்டு நெஞ்செரிச்சல் வந்தால் உடனே ஜெலுசில், டைஜீன் குடிக்கிறார்கள். அதில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் சேரவிடாமல் செய்யும். மாத்திரையை இந்த மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் போட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே விதிதான். ஆனால் சாப்பாட்டோடு போட்டால் இவற்றைச் சேர்த்தே போடலாம். தவறாமல் மாத்திரை போட்டும் வைரல் லோடு ஏறினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

மஞ்சள் காமாலை பி கிருமியும் சேர்ந்து இருப்பவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வேறொரு ஆபத்தும் உண்டு. இதே மாத்திரையில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும்தான் அந்தக் கிருமியையும் அடக்கி வைத்திருக்கின்றன. நிறுத்தினால் கல்லீரல் மோசமாகப் பாதிக்கப்படலாம். தன் பி பரிசோதனை முடிவு என்ன என்பதை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வைரல் லோடு குறைந்தால் எது நிற்கும், எது நிற்காது

தொடர்ந்து மருந்து எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. அடுத்தவருக்குப் பரவாது. இதை உரக்கச் சொல்ல வேண்டும். எத்தனையோ குடும்பங்களில் இருந்த பயத்தைப் போக்கிய உண்மை இது. இந்தப் பாதுகாப்பு, மாத்திரையை விடாமல் போடும் வரைக்கும்தான். நிறுத்திய சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி ஏறும். ஆகவே போன வருடத்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வருடம் மருந்தில்லாமல் இருப்பவருக்கு அது பொருந்தாது. மருந்து தொடங்கி 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை உண்டு.

கிரந்தி, வெட்டை (கொனோரியா), பிறப்புறுப்பில் வரும் அக்கி, கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸ் ஆகியவற்றை இந்த மாத்திரை தடுக்காது. ‘எனக்குத்தான் லோடு இல்லையே’ என்று ஆணுறையை விட்டவர்களிடம் கிரந்தி வருவது இதனால்தான். ஆணுறையும் வைத்திருக்கும் இடத்தைப் பொறுத்தே உழைக்கும். வெயிலில் நிற்கும் லாரியின் டாஷ்போர்டு, பேண்ட் பின்பையில் இருக்கும் பர்ஸ் இரண்டும் ரப்பரைக் கெடுக்கும். துணிப்பையில் சுருட்டி, படுக்கைப் பக்கம் நிழலில் வைக்கலாம். தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் ரப்பர் கிழியும். நீரில் கரையும் ஜெல் மட்டுமே சரி.

கிரந்தி: கண்ணில் படாமல் போகும் நோய்

முதல் புண் வலிக்காது. மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பூசிய களிம்புதான் ஆற்றியது என்று ஆள் நம்பிவிடுகிறார். அடுத்த கட்டத்தில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் வரும். கட்டட வேலைக்காரருக்கு இதைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது, ‘சிமென்ட் அலர்ஜி.’ சிமென்ட் ஒவ்வாமை அரிக்கும், வெடிக்கும், கலவை படும் இடத்தில் அதிகமாக இருக்கும். கிரந்திப் புள்ளி பெரும்பாலும் அரிக்காது, செருப்புக்குள் இருக்கும் உள்ளங்காலிலும் வரும். அரிக்காத புள்ளியை உள்ளங்கையில் பார்த்தால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இந்த நோய் கண்ணையும் காதையும் நரம்பையும் சீக்கிரம் தொடலாம். பார்வை மங்கினாலோ காதில் இரைச்சல் கேட்டாலோ அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊசி பென்சதைன் பெனிசிலின், 24 லட்சம் யூனிட். ஒவ்வொரு புட்டத்திலும் பாதிப் பாதியாகப் போடுவார்கள். மருந்து கெட்டியானது, வலிக்கும். புதிதாக வந்த நோய்க்கு ஒரு தடவை போதும். எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று. இங்கேதான் ஊர் மாறுகிறவர் தவறுகிறார். முதல் ஊசியை ஊரில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். இடைவெளி இரண்டு வாரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். இன்னொன்று, ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் குளிரும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் ஒரேயடியாகச் சாவதால் வரும் காய்ச்சல் அது, பாராசிட்டமால் போட்டால் ஒரு நாளில் இறங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாததால் ‘ஊசி ஒத்துக்கவில்லை’ என்று பயந்து இரண்டாவது ஊசிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். தடிப்பும் மூச்சுத்திணறலும் ஊசி போட்ட சிறிது நேரத்தில் வந்தால் அதுதான் ஒவ்வாமை. அதற்காகத்தான் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கிரந்தி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணால் காட்டும் ஆர்.பி.ஆர். ரத்தப் பரிசோதனையில் 1:32 என்று இருந்தது 1:8க்கு இறங்கினால் சிகிச்சை வேலை செய்திருக்கிறது. 1:8 ஆக இருந்தது 1:32க்கு ஏறினால் நோய் மறுபடி தொற்றியிருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு 3, 6, 9, 12, 24ஆம் மாதங்களில் இதைப் பார்ப்பது முறை. விரலில் குத்திச் செய்யும் கார்டு பரிசோதனையோ குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க பாசிட்டிவ் காட்டும். பழைய எண் கையில் இல்லாமல் வேற்றூரில் கார்டு பரிசோதனை செய்துகொண்டவர் தேவையில்லாத ஊசியும் போட்டுக்கொள்கிறார், வீட்டில் சண்டையும் வருகிறது. கடைசி ஆர்.பி.ஆர். எண்ணையும் தேதியையும் பச்சைப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுநீர்த் தாரையில் சீழ் வந்தால் கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்கிறார்கள். வெட்டைக் கிருமி அதற்குப் பழகிவிட்டது. பால்வினை நோய்களைப் பார்க்கும் அரசு மருத்துவமனை சுகவாழ்வு மையத்தில் இதற்கு சாம்பல் நிறப் பொட்டலம் உண்டு, அசித்ரோமைசின் 1 கிராமும் செஃபிக்சிம் 400 மி.கி.யும் ஒரே வேளையில். துணைக்கும் அதே சிகிச்சை வேண்டும். துணை ஊரில் இருந்தால், பொங்கலுக்குப் போகும்போது பழைய நோயே திரும்பி வரும். பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது என்பதால், ‘அவளுக்கு ஒன்றுமில்லையே’ என்பதை யாரும் ஏற்கக் கூடாது.

பெண் உறுப்பினர்கள்

எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு. 25 வயதிலிருந்தே பரிசோதனை தொடங்க வேண்டும். 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள், புற்று என்று பொருளில்லை. மாதவிலக்கு நாட்களில் செய்ய முடியாது. பனியன் கம்பெனி விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு லீவு கிடைக்கும் நாளும் இதுவும் ஒத்துவர வேண்டும் என்பதால், தேதியை முன்கூட்டியே குறித்துக்கொண்டு ஊருக்கு வரச் சொல்கிறோம்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் கர்ப்பிணிக்கும் டிரான்ஸ்பர் வேண்டும். எந்த மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்கு எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் சிரப் அங்கே இருக்கிறதா, ஆறாம் வாரத்தில் குழந்தைக்கு ரத்தம் எங்கே எடுப்பார்கள் என்ற மூன்றும் ஏழாம் மாதத்திலேயே தெரிந்துவிட வேண்டும்.

வேலையிடமும் சட்டமும்

2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் புகார் அலுவலரை நியமிக்க வேண்டும், மருத்துவ நிறுவனமானால் 20 பேர் இருந்தாலே போதும். புகார் அலுவலர் யார் என்று ஓசூர் கம்பெனிகளிடம் எழுத்தில் கேட்கலாம்.

மேஸ்திரிகள் சிலர் உதவி செய்வதாக நினைத்து, இந்தி, ஒடியா பேசுகிற தொழிலாளியோடு மொழிபெயர்க்க மருத்துவமனைக்கு வருகிறார்கள். மேஸ்திரிக்குத் தெரிந்தால் ஷெட் முழுக்கத் தெரியும். ஆலோசகரின் அறைக்குள் அவரை விடக் கூடாது என்று நம் தொண்டர்கள் இனி கறாராகச் சொல்ல வேண்டும். 1097 இலவச எண்ணில் பல மொழிகளில் பேசுகிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்த ஆண்டுக்கு

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 பேரணிக்கும் பிளெக்ஸுக்கும் வைக்கும் தொகையைக் குறைத்து, அதை இரண்டாவது, மூன்றாவது பெனிசிலின் ஊசிக்கு வருகிறவர்களின் பஸ் செலவுக்கு ஒதுக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பேரணி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஊசி தவறுவதால் வரும் கேடு பெரிது என்பதே காரணம். டிரான்ஸ்பர் வாங்கிய ஒவ்வொருவருக்கும் பதினைந்து நாளில் ஒரு போன் செய்து புதிய மையத்தில் பதிந்தாரா என்று கேட்க இரண்டு தொண்டர்கள் வேண்டும். அவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் பேசக்கூடியவர்களாக இருந்தால் நல்லது. அந்த நேரத்தில்தான் வேலைக்காரர் தனியாக இருப்பார். பச்சைப் புத்தகத்துக்குள் அடங்கும் அளவில் ஒரு சிறு அட்டையும் அச்சிட வேண்டும். ஆர்.பி.ஆர். எண், அடுத்த ஊசித் தேதி, அடுத்த வைரல் லோடு மாதம், கருப்பை வாய்ப் பரிசோதனை மாதம் நான்குக்கும் கட்டம் இருக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியாவில் அச்சிடலாம். எச்.ஐ.வி. என்ற எழுத்தோ சங்கத்தின் பெயரோ அதில் இருக்கக் கூடாது.

இந்த மூன்றுக்கும் பொதுக்குழு ஒப்புதல் அளித்து, அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்