கேடட்டுகள் பேரணிக்கு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நெல்லைப் பதிப்பில் போன வாரம் வந்த கட்டுரையில், ‘பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி எதற்கு? என்.சி.சி. மாணவர்கள் மரக்கன்று நடட்டும், பேரணி போகட்டும், அது போதும்’ என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்துவிட்டு, பிறகு என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படையில் பி.ஐ. ஸ்டாஃபாக, அதாவது ராணுவத்திலிருந்து வரும் பயிற்சியாளராக, இந்தப் பக்கத்துக் கேடட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கட்டுரை எழுதியவர் ஒரு காலையாவது ஃபயரிங் ரேஞ்சுக்கு வந்து பார்த்திருக்கலாம். பாயிண்ட் டூ டூ ரைஃபிள், 25 மீட்டர் தூரம். சிவப்புக் கொடி ஏறியபின் ஒரு பிள்ளை வாய் திறக்காது. குப்புறப் படுத்து, இடது முழங்கையை மண்ணில் ஊன்றி, பாதி மூச்சை விட்டு மீதியை அடக்கி, ட்ரிகரை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். ஆர்டர் வரும்வரை விரல் ட்ரிகர் பக்கமே போகக் கூடாது. பேரல் எந்நேரமும் டார்கெட் பக்கம்தான். சுட்டு முடித்ததும் காலி கேஸ்களை, அதாவது வெடித்த தோட்டாவின் கூடுகளை, பொறுக்கி எண்ணி ஒப்படைத்து, ‘என்னிடம் ரவுண்டும் (தோட்டாவும்) இல்லை, காலி கேஸும் இல்லை’ என்று ஒவ்வொருவரும் சத்தமாகச் சொன்ன பிறகுதான் இடத்தை விட்டு நகர முடியும். வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பையன்கள் அங்கே மூச்சைக்கூட அளந்து விடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி பிள்ளைகளைக் கெடுக்கும் என்று எழுதுகிறவருக்கு இதை யார் சொல்வது?

பயிற்சி என்றால் சுடுவது மட்டுமா? மேப் ரீடிங், காம்பஸ், தூரம் கணிப்பது, கயிற்று முடிச்சு, முதலுதவி எல்லாம் உண்டு. தண்ணீருக்கு அக்கரையில் இருப்பது கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும் என்பது தூரம் கணிக்கும் வகுப்பில் சொல்லிக் கொடுப்பது. தாமிரபரணியில் ‘இந்தா நீந்திரலாம்’ என்று இறங்கிய பிள்ளைகளின் படத்தைத் தாங்கள் எத்தனை கோடை விடுமுறையில் போட்டிருக்கிறீர்கள்! 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர் வந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. அன்று சிந்துபூந்துறையில் என் தங்கை வீட்டு மாடியில் நின்றேன். தெருமுனையில் இடுப்பளவு தண்ணீர். முன்பு என்னிடம் பயிற்சி எடுத்த பையன் ஒருவன், “சார், மேல நல்லாக் கட்டுங்க” என்று கயிற்றை வீசினான். மறுமுனையில் போலைன் முடிச்சு, எவ்வளவு இழுத்தாலும் இறுகாத வளையம். அதை மாட்டித்தான் பக்கத்து வீட்டு ஆச்சியை இறக்கினோம். மரக்கன்று நட்டு வந்த பழக்கமா அது?

மரம் நடுவது தப்பென்று நான் சொல்லவில்லை. நானும் பிள்ளைகளோடு நட்டிருக்கிறேன். ஆனால் 1948-ல் சட்டம் போட்டு இந்தப் படையை உண்டாக்கியது அதற்கு மட்டுமல்ல. 1965, 1971 போர்களில் கேடட்டுகள் ஆயுதத் தொழிற்சாலைகளில் உதவிக்கு நின்றவர்கள். இன்று அவர்களை எங்கே பார்க்கிறோம்? பிரமுகர் வந்தால் வெயிலில் மணிக்கணக்கில் வரிசை. திருவிழாவில் கயிறு பிடிக்க, விழிப்புணர்வு வாரத்தில் தட்டி பிடிக்க. எந்தத் துறை கூப்பிட்டாலும் முதலில் கிடைக்கும் ஆள் கேடட்டுதான். அப்படிப் போன நாளெல்லாம் பரேடு கணக்கில் எழுதப்படுகிறது. பள்ளிக் கேடட்டுகளுக்கான ‘ஏ’ சர்டிபிகேட் பரீட்சைக்கு வரும் பிள்ளைக்கு ரைஃபிளைப் பிரித்துச் சேர்க்கத் தெரியவில்லை என்றால் குற்றம் பிள்ளையுடையதா? டிரில் பழகும் டம்மி ரைஃபிளைத் தவிர வேறு எதையும் தொடாமலே இரண்டு வருஷத்தை முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடங்களும் சும்மா இல்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் பரேடை நிறுத்திவிட்டு ஸ்பெஷல் கிளாஸ். ‘மார்க்குதான் சோறு போடும்’ என்று ஒரு தலைமையாசிரியர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். கல்லூரியில் என்.சி.சி.யின் ‘சி’ சர்டிபிகேட்டில் ‘பி’ கிரேடாவது வாங்கி, டிகிரியில் பாதி மார்க்கும் வைத்திருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்குப் போகலாம், அதிகாரியாகலாம். விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளத்தின் வாசல் வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

பெற்றோர் பயமும் கூடியிருக்கிறது. 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாமில் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண் பிள்ளையை முகாமுக்கு அனுப்பக் கேட்டாலே தாய்மார்கள் கதவைச் சாத்துகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எது உண்மையான முகாம், எது போலி என்று அவர்கள் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்?

அதனால் ஒன்று கேட்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், நம் மாவட்டத்தில் முறையாக என்.சி.சி. நடக்கும் பள்ளி, கல்லூரிகளின் பட்டியலைப் பட்டாலியன் அலுவலகத்தில் வாங்கி வெளியிடுங்கள். முகாம் தேதிகளையும் சேர்த்துப் போடுங்கள். முதல் பக்கம் வேண்டாம். கோயில் கொடைச் செய்திகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
அம்பாசமுத்திரம்.