விடுமுறைத் தேதியை ஓராண்டு முன்பே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஆண்டில் பாதி நாள் விடுமுறைதான் என்று எழுதியிருந்த வாசகர் கடிதம் ஒன்றைத் தங்கள் நாளிதழில் அண்மையில் படித்தேன். மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் எங்கள் விடுமுறை நீளமானது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த நாட்கள் எப்போது தொடங்கும் என்பதைப் பல பள்ளிகள் காலத்தோடு அறிவிப்பதில்லை. தொடங்கிய பிறகும் பள்ளி வேலை அதற்குள் புகுந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக வெளிநாட்டில் கற்பித்துவரும் ஆசிரியை என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அலுவலக ஊழியர் ஒருவர் கூட்டமில்லாத மாதமாகப் பார்த்து விடுப்பு எடுக்கலாம். ஆசிரியருக்கு அந்த வசதி கிடையாது. பள்ளி மூடும் நாளில்தான் அவரும் கிளம்ப முடியும், அதே நாளில்தான் அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்களும் கிளம்புகின்றன, விமானக் கட்டணமும் அன்றுதான் உச்சத்தில் நிற்கிறது. கணவனும் மனைவியும் வெவ்வேறு பாடத்திட்டப் பள்ளிகளில் வேலை பார்த்தால் சிக்கல் இன்னும் கூடும். ஏப்ரலில் ஆண்டைத் தொடங்கும் பள்ளியும் செப்டம்பரில் தொடங்கும் பள்ளியும் ஒரே ஊரில் இருந்தாலும், இருவருக்கும் பொதுவாக அமையும் விடுமுறை நாட்கள் குறைவுதான்.

பணத்தைக்கூடச் சேர்த்துவிடலாம், விசாவுக்கான நேரத்தைச் சேர்க்க முடிவதில்லை. ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளை எடுத்துக்கொள்வோம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஆசிரியர், தாம் சட்டப்படி வசிக்கும் நாட்டிலேயே அந்த விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாட்கள் ஆகும், கூடுதல் பரிசீலனை தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை நீளும். கடந்த 59 மாதங்களுக்குள் கைரேகை பதிவாகியிருக்கவில்லை என்றால் நேரில் போயே தீரவேண்டும், அந்தச் சந்திப்பு நேரமோ பெரும்பாலும் வேலைநாளில் வகுப்பு நடக்கும் பொழுதாகவே அமைகிறது. ஒருமுறை எனக்குக் காலை பத்து மணிக்கு நேரம் கிடைத்தபோது, சக ஆசிரியை ஒருவர் தம் ஓய்வுப் பாடவேளையை விட்டுக்கொடுத்து என் வகுப்பைப் பார்த்துக்கொண்டார். இத்தனைக்கும், விடுமுறைத் தேதியைக் குறிப்பிட்டுப் பள்ளி தரவேண்டிய கடிதம் கையில் இல்லாவிட்டால் விண்ணப்பமே முழுமையாகாது. அலுவலகத்தில் கேட்டால், “நாட்காட்டிக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை” என்பார்கள். போதாக்குறைக்கு, குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்பதற்காக அதே வாரங்களில் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் இருக்கின்றன.

பருவத்தின் கடைசி வாரங்களில் வேலை எப்படிக் குவிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். உயர்நிலை வகுப்பு ஆசிரியரின் ஆண்டைத் தீர்மானிப்பவை வெளியார் வைக்கும் கெடு நாட்களே. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்கள் அக்டோபர் 15-க்குள் போய்ச் சேர வேண்டும்; அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் முன்கூட்டிய சேர்க்கைக்குக் கெடு நவம்பர் 1; வழக்கமான சேர்க்கைக்கோ பல இடங்களில் ஜனவரி முதல் நாட்கள், அதாவது குளிர்கால விடுமுறையின் நட்டநடுவில். மாணவர் ஒவ்வொருவருக்கும் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் ஆசிரியர்தான். பள்ளி இறுதி வகுப்புகளுக்கான பன்னாட்டுப் பாடத்திட்டமான ஐபி டிப்ளமாவின் தேர்வுகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதத்தில் முடிகின்றன, முடிவுகள் ஜூலை முதல் வாரத்தில் வருகின்றன. அப்போது பள்ளி மூடியிருக்கும், ஆசிரியர் ஏதோ ஒரு விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருப்பார். ஒரு மதிப்பெண்ணில் பல்கலைக்கழக இடத்தைத் தவறவிட்ட பிள்ளை மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா என்று கேட்டு அழைக்கும்போது, நான் விடுமுறையில் இருக்கிறேன் என்று சொல்ல எந்த ஆசிரியருக்கு மனம் வரும்? எனக்கு வந்ததில்லை. ஆனால் அது எங்கள் நல்ல மனதை நம்பி நடக்கும் ஏற்பாடாக இருப்பதுதான் தவறு.

வகுப்பறைக்கு வெளியே செலவாகும் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஆசிரியரின் ஓய்வைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. 2018-இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு நடத்திய பன்னாட்டு ஆய்வின்படி, ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார்கள். அதில் கற்பித்தலுக்குப் போனது 18 மணி நேரம் மட்டுமே. ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து உருவாக்கி 1966 அக்டோபர் 5 அன்று ஏற்கப்பட்ட பரிந்துரை, முழு ஊதியத்துடன் போதிய ஆண்டு விடுமுறை ஆசிரியர்களின் உரிமை என்கிறது. அது சட்டம் அல்ல, எந்தப் பள்ளியையும் கட்டுப்படுத்தாது. இருந்தாலும், உலக ஆசிரியர் தினம் என்று நாம் கொண்டாடும் அக்டோபர் 5 அந்தப் பரிந்துரையின் நினைவாகவே குறிக்கப்பட்டது என்பதால், அன்று பூங்கொத்து கொடுக்கும் நிர்வாகங்கள் அதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

நான் கேட்பவை செலவில்லாதவை. அடுத்த கல்வியாண்டின் தேதிகளை ஓராண்டு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மதிப்பீட்டு அறிக்கைகளின் கடைசி நாளைப் பள்ளி மூடும் நாளிலிருந்து ஒரு வாரம் முன்னுக்கு இழுத்து வையுங்கள். முடிவுகள் வெளியாகும் வாரத்தில் யார் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது என்று முறை வைத்து, அந்த நாட்களுக்கு ஈடான ஓய்வை வேறு பருவத்தில் கொடுங்கள்.

எங்கள் பக்கமும் திருந்த வேண்டியது உண்டு. மலிவான பயணச்சீட்டுக்காக விடுமுறையின் முன்னும் பின்னும் மருத்துவ விடுப்பை ஒட்டவைப்பவர்களை நான் ஆதரிக்கவில்லை; அவர்கள் விட்டுச்செல்லும் வகுப்புகளை எடுப்பது மற்ற ஆசிரியர்கள், பழி விழுவது எல்லோர் மீதும். பள்ளி மூடும் நாளின் மாலை விமானத்துக்கு முன்பதிவு செய்துவிட்டு, கடைசி விடைத்தாள் கட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவதும் வேண்டாம். அந்தக் கட்டு போன இடத்தில் பிரிக்கப்படுவதே இல்லை.

புதிதாக வெளிநாட்டுப் பணிக்குச் செல்லவிருக்கும் ஆசிரியர்கள், சம்பளத்தையும் குடியிருப்பு வசதியையும் கேட்கும் அதே மூச்சில், வரும் ஆண்டின் நாட்காட்டியையும், கடவுச்சீட்டு எந்த மாதங்களில் தம் கையில் இருக்கும் என்பதையும், விடுமுறையில் எந்தெந்த நாட்களில் பணிக்கு அழைக்கப்படுவார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வெளிநாட்டுப் பள்ளி ஆசிரியை ஒருவர்