தாத்தாவின் இழுப்பு வேறு, பேரனின் இழுப்பு வேறு

தண்டையார்பேட்டை

அன்பு மகளுக்கு,

சென்ற மாதம் அங்கே நான் மறந்து வைத்துவிட்டு வந்த இன்ஹேலரை உன் மகனுக்குக் கொடுக்கலாமா, இருவருக்கும் ஒரே வீசிங்தானே என்று ஞாயிறன்று கேட்டாய். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

நானும் பல ஆண்டுகள் எனக்கு ஆஸ்துமா என்றே நம்பி, இழுப்பு வரும்போதெல்லாம் தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவன்தான். ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்த பிறகுதான் உண்மை தெரிந்தது: எனக்கு இருப்பது ஆஸ்துமா அல்ல, சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். முழு மூச்சையும் இழுத்து வேகமாக ஊதும்போது, முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தது; மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னபோதும் அது 70-ஐத் தொடவில்லை. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்கும், மருந்துக்குப் பெரும்பாலும் விரிந்துகொடுக்கும். அதனால்தான் விடியற்காலையில் திணறுகிற உன் மகன் மாலையில் பந்து விளையாடுகிறான். எனக்கோ நல்ல நாள் என்று தனியாக ஒன்று இல்லை. நுரையீரலின் காற்றுப்பைச் சுவர்களே சிதைந்துவிட்டதால், உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதில்லை. பாலத்தின் மேல் ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று, உதட்டைக் குவித்து மெல்ல ஊதிக்கொள்கிறேன். துறைமுகத்தில் 2011 வரை நிலக்கரி இறங்கிய காலத்தின் தூசியும், அதைவிட அதிகமாக நானே விரும்பிப் புகைத்த பீடியும் செய்த வேலை இது. பீடியை விட்டதால் போன நுரையீரல் திரும்பாது. மேலும் கெடுவதுதான் மெதுவாகும்.

என் இன்ஹேலரில் இருப்பது குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கும் மருந்து மட்டுமே, ஸ்டீராய்டு இல்லை. குழந்தையின் ஆஸ்துமாவுக்கு அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அடிப்படை; அதை நிறுத்திவிட்டு என்னுடையதைக் கொடுத்தால், மூச்சு லேசானதுபோல் தோன்றும், உள்ளே அழற்சி ஆறாமலே இருக்கும், பிறகு திடீரென வரும் இழுப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு அஞ்சி, மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நீயாக நிறுத்திவிடாதே.

உன் அம்மா பீடியைத் தொட்டதே இல்லை. ஆயினும் இருபது ஆண்டுகள் விறகடுப்பின் முன் உட்கார்ந்தவள். இருமலும் சளியும் மாதக்கணக்கில் விடவில்லை. வியாழக்கிழமை அவளையும் ஊதிப் பார்க்க அழைத்துப் போகிறேன். மறுக்கிறாள், நீ ஒரு முறை பேசு.

என் இன்ஹேலரைக் கூரியரில் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா