முதல் ஆயில் எப்போது?

அன்புள்ள கண்ணம்மா,

புதுக் காருக்கு முதல் ஆயிலை எப்போது மாற்றுவது என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் பதில் சொல்லப் போய், உனக்கு எதுவுமே புரிந்திருக்காது. அவர் "ஆயிரத்திலேயே மாத்திடு" என்றார், நான் "மேனுவலைப் பாரு" என்றேன். நீ போனை வைத்த பிறகும் இங்கே பேச்சு ஓயவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. புது இன்ஜினின் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போட்டுத்தான் அனுப்புவார்கள். உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதில் உரசி உரசித்தான் படியும். அப்போது உதிரும் தூள் ஆயிலோடு கலக்கும். அவர் வண்டி ஓட்டக் கற்ற காலத்தில் கடைசல் வேலை இவ்வளவு துல்லியம் கிடையாது, தூளும் அதிகம். அதனால் 1,000 கி.மீ. ஆனதும் ஆயிலை இறக்கிவிடுவார்கள். இப்போது தூள் குறைவு. வருகிறதில் பெரும்பகுதியை ஃபில்டர் பிடித்துவிடும். அதோடு, சில கம்பெனிகள் முதல் ஆயிலையே தனிச் சேர்மானத்தோடு ஊற்றி, அவசரப்பட்டு மாற்றாதீர்கள் என்கின்றன. உன் மேனுவலில் அப்படி இருந்தால் அவர்கள் சொன்னதையே செய். அப்பா பேச்சைக் கேட்காதே என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே.

சரி, மேனுவலைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு. 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்பதுபோல இருக்கும். இன்னொன்று கடுமையான ஓட்டத்துக்கு. அதில் பெரும்பாலும் பாதிக்குப் பாதி குறைத்திருப்பார்கள். கடுமை என்றதும் மலையும் பாலைவனமும் நினைவுக்கு வந்து, "நமக்கில்லை" என்று எல்லோரும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தப் பட்டியலிலேயே குட்டிக் குட்டிப் பயணமும் இருக்கும். நிறுத்தி வாசி.

நீ ஆபீசுக்கு 4 கி.மீ. போகிறாய், 4 கி.மீ. வருகிறாய். சனி ஞாயிறு வண்டியை எடுப்பதே இல்லை. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைப்போம். அது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூடு. ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். எரியாத பெட்ரோல் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்கும். எரிந்ததில் வரும் நீராவியும் உள்ளேயே தண்ணீராகி நிற்கும். நீண்ட ஓட்டம் என்றால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். உன் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. மாதத்துக்கு ஒருநாளாவது அரை மணி நேரம் நல்ல ரோட்டில் ஓட்டிவிட்டு வா. முதல் 1,000 கி.மீ. வரைக்கும் ஒரே வேகத்தில் போகாதே, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்காதே.

ஆகவே கி.மீ.யைப் பார்க்காதே, காலண்டரைப் பார். மேனுவலில் முதல் ஆயிலைப் பற்றித் தனியாக எதுவும் போடவில்லை என்றால், வண்டி எடுத்த தேதியிலிருந்து ஆறு மாதம். ஃபில்டரையும் சேர்த்து மாற்று. டேஷ்போர்டு ஞாபகப்படுத்தும் என்று இருந்துவிடாதே. பல வண்டிகளில் அது ஆயிலைச் சோதித்துப் பார்த்துச் சொல்வதில்லை. ஓட்டம், சூடு, நாள் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான்.

எப்போது மாற்றுவது என்பதைவிட எனக்குப் பெரிய கவலை டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. என் முதல் காரில் சர்வீஸ் தேதியை எண்ணிக்கொண்டே இருந்தேனே தவிர, பானெட்டைத் திறந்ததே இல்லை. ஒருநாள் வளைவில் திரும்பும்போது சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. ஓரங்கட்டி டிப்ஸ்டிக்கை எடுத்தால் நுனி காய்ந்திருக்கிறது. ரிங் படியும்வரை புது இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த விளக்கு ஆயில் அழுத்தம் விழுந்தால் எரிவது, அளவு குறைந்ததற்கு அல்ல. அது எரியும்வரை காத்திருந்தால் இன்ஜினே போய்விடலாம். நீ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சில நிமிடம் விட்டுப் பார். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் போதும். கறுத்திருந்தால் பதறாதே, கறுப்பதும் ஆயிலின் வேலைதான். ஊற்றாமலேயே அளவு ஏறி, பெட்ரோல் வாசனை அடித்தால் மட்டும் ஆறு மாதத்துக்குக் காத்திராமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடு.

மேனுவலில் போட்டிருக்கும் கிரேடு ஆயிலையே ஊற்றச் சொல். பில்லைப் பத்திரமாக வை, வாரன்டிக்குக் கேட்பார்கள்.

எழுதி முடித்துவிட்டுச் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு 8 கி.மீ., மாதத்துக்கு 22 வேலைநாள், ஆறு மாதம். 1,056 வருகிறது. அப்பாவுடைய ஆயிரம்! அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். நான் வாயைத் திறக்கப் போவதில்லை, நீயும் திறக்காதே.

அன்புடன்,
அம்மா