மீனாவுக்கு: தேதியும் மூக்கும்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைச்சுது. பெரியவளுக்கு வேலை கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம்டி, அவ்ளோ இன்டர்வியூ போய் அலுத்துப்போயிருந்தா பாவம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். இவர் ரிட்டையர் ஆனதுலேர்ந்து ஃப்ரிட்ஜ திறந்து உள்ள எட்டிப் பாக்கறதயே ஒரு டியூட்டி மாதிரி வச்சிருக்கார், எதுவும் எடுக்க மாட்டார், சும்மா பாப்பார், அந்த நேரம் பூரா கதவு திறந்தே கிடக்கும்.

சரி உங்க வீட்டு சண்டைக்கு வரேன். டப்பால போட்ட தேதி தாண்டின மறுநாளே நீ குப்பைல போடற, உங்க அத்தை அத வெளிய எடுத்து மோந்து பாத்துட்டு நல்லாத்தான இருக்குன்னு திரும்ப உள்ள வைக்கறாங்க, உன் வீட்டுக்காரர் நடுவுல வாயே திறக்கறதில்ல. இத்தன வருஷம் ஃபுட் லேப்ல குப்பை கொட்டினவ நீ, தீர்ப்பு சொல்லுன்னு எழுதியிருக்க. சொன்னா ரெண்டு பேருக்குமே கோவம் வரும், பரவால்ல.

முதல்ல உன் பக்கம். எல்லா தேதியும் ஒண்ணு இல்ல மீனா. "பெஸ்ட் பிஃபோர்"னு போட்டிருந்தா அது தரத்துக்கான தேதி, அதுக்கப்புறம் மொறுமொறுப்பு குறையலாம், வாசனை போகலாம், கலர் மங்கலாம், அவ்ளோதான், அடுத்த நாள் விஷமாயிடாது. "யூஸ் பை", "எக்ஸ்பயரி"ன்னு போட்டிருக்கறது வேற, அது தாண்டினா விவாதமே கிடையாது, போட்ரணும். சர்வதேச உணவுத் தரங்கள எழுதற கோடெக்ஸ் அமைப்பு 2018ல லேபிள் விதிய திருத்தினப்பவும் இந்த ரெண்டையும் தனித்தனியாத்தான் வச்சாங்க, உப்பு, சர்க்கரை, வினிகர் மாதிரி சாமானுக்கு தேதியே தேவையில்லன்னும் அதுலயே இருக்கு. நீ தூக்கிப் போட்டேன்னு எழுதின லிஸ்ட பாத்தேன், பிஸ்கட், பாஸ்தா, சாஸ், டின்ல அடைச்ச தக்காளி, தேன். தேனாடி! எல்லாமே முதல் வகை. ஐரோப்பிய யூனியன்ல 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, அங்க வருஷத்துக்கு வீணாகற 8.8 கோடி டன் சாப்பாட்டுல 10 சதவீதம் வரைக்கும் இந்த தேதி சம்பந்தப்பட்டதுதான்னு. உன்ன மாதிரி நிறைய பேர் இருக்காங்கன்னு வச்சுக்கோ.

அந்த தேதி எப்படி வருதுன்னு தெரிஞ்சா உனக்கு அதுமேல இருக்கற பக்தி கொஞ்சம் குறையும். ஒரே பேட்ச்ல நிறைய பாக்கெட் எடுத்து குறிப்பிட்ட டெம்பரேச்சர்ல வச்சிருவோம், இத்தன நாளுக்கு ஒண்ணுன்னு வெளிய எடுத்து கிருமிய எண்ணுவோம், புளிப்பு பாப்போம், ட்ரெயினிங் எடுத்த ஆளுங்கள உக்கார வச்சு மோந்து ருசிச்சு மார்க் போட வைப்போம் (ஆமா லேப்லயும் மூக்குதான், உங்க அத்தைட்ட சொல்லு குஷியாயிடுவாங்க), ரொம்ப நாள் தாங்கற சாமானுக்கு அவ்ளோ நாள் காத்திருக்க முடியாதுன்னு சூடு கூடுதலான ரூம்ல வச்சு சீக்கிரம் கெட வச்சு அதுலேர்ந்து கணக்கு போடுவோம். வர்ற நாள்ல இன்னும் கொஞ்சம் கழிச்சுட்டுதான் டப்பால அடிப்பாங்க. ஆனா இந்த மொத்த கணக்கும் ஒரு நம்பிக்கைல நிக்குது, பாக்கெட் பிரிக்காம இருக்கணும், சொன்ன குளிர்ச்சில இருக்கணும். பிரிச்சிட்டா அந்த தேதிக்கு ஒரு அர்த்தமும் இல்ல. மாசக்கணக்கா வெளியவே இருக்கற யுஹெச்டி பால் இருக்கே, 135 டிகிரிக்கு மேல சில செகண்ட் காய்ச்சி கிருமி இல்லாத பாக்கெட்ல அடைக்கறது, அத ஒரு தடவ திறந்துட்டா அதுவும் சாதா பால்தான், ஃப்ரிட்ஜ்ல சில நாள் தாங்கும். அப்ப போய் தேதிதான் இன்னும் ரெண்டு மாசம் இருக்கேன்னு குடிச்சா? பாத்தியா, தேதிய நம்பறவங்க எல்லாத்தையும் சீக்கிரமா தூக்கிப் போடறாங்கன்னு மட்டும் இல்ல, சிலத ரொம்ப லேட்டாவும் தூக்கிப் போடறாங்க.

இப்ப உங்க அத்தை. அவங்க மூக்கு பொய் சொல்லலடி. பால் புளிச்சா, எண்ணெய் சிக்கு வாடை அடிச்சா, கறி பிசுபிசுன்னு ஆச்சுன்னா எந்த மெஷினுக்கும் முன்னாடி அவங்களுக்கு தெரிஞ்சிரும். மீன அவங்க பாக்கற விதமே கரெக்ட்டு, செவுள் சிவப்பா இருக்கா, கண்ணு தெளிவா உப்பலா இருக்கா, விரலால அமுக்கினா சதை திரும்ப எழும்புதா. அந்த மீன் கவுச்சி ஏறிக்கிட்டே போறது ட்ரைமீத்தைல் அமீன்னு ஒண்ணு, பாக்டீரியா வேலை செய்யச் செய்ய கூடும், அது நம்ம மூக்குக்கு துளி இருந்தாலே போதும்.

பிரச்சனை எங்கன்னா, சாப்பாட்ட கெட வைக்கற கிருமி ஒரு கூட்டம், நம்மள படுக்க வைக்கற கிருமி வேற கூட்டம். முதல் கூட்டம் நாறும், வழவழக்கும், ஊருக்கே சொல்லிட்டு வரும். சால்மொனெல்லா, லிஸ்டீரியா எல்லாம் சத்தமே போடாது, வாசனை, ருசி, கலர் எதுவும் மாறாம உள்ள உக்காந்திருக்கும். அதுலயும் லிஸ்டீரியா ஃப்ரிட்ஜ் குளிர்லயே மெதுவா வளரும். உன் நாத்தனார் மாசமா இருக்கா, வந்து தங்கியிருக்கான்னு எழுதியிருக்க இல்ல, அவ விஷயத்துல மட்டும் மூக்க ஒத்துக்கவே ஒத்துக்காத. சாஃப்ட் சீஸ், அப்படியே சாப்பிடற குளிர்ந்த இறைச்சி, புகை போட்ட மீன் இதெல்லாம் அவளுக்கு வேணாம், சாப்பிட்டே ஆகணும்னா ஆவி பறக்க சூடு பண்ணி குடு, அது கருவையே பாதிக்கற கிருமி.

சூடு பண்ணா எல்லாம் செத்துடும்னு அத்தை சொன்னாங்கன்னு எழுதியிருந்த, அது லிஸ்டீரியாக்கு சரி, எல்லாத்துக்கும் இல்ல. வடிச்ச சோத்த எடுத்துக்கோ. பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி, அதோட விதை மாதிரி இருக்கற ஸ்போர் அரிசி வேகறப்ப சாகாது, சோறு வெதுவெதுன்னு மணிக்கணக்கா வெளிய இருந்தா முளைச்சு பெருகி விஷத்த விட்டுடும், அப்புறம் நீ கொதிக்க கொதிக்க சூடு பண்ணு, கிருமி சாகும், வாந்தி வர வைக்கற அந்த விஷம் அப்படியேதான் இருக்கும். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன ஐஸ் இல்லாம வெயில்ல விட்டா ஹிஸ்டமின்னு அலர்ஜி மாதிரி படுத்தற ஒரு பொருள் சேரும், அதுவும் சமைச்சா போகாது, மோந்தும் கண்டுபிடிக்க முடியாது. வேர்க்கடலை கதை தெரியுமா உனக்கு? 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழி செத்துச்சு, என்ன நோய்னே தெரியாம எக்ஸ் வியாதின்னு பேர் வச்சாங்க, தேடிப் பாத்தா தீவனத்துல போட்ட கடலைல பூஞ்சை, அதுலேர்ந்து வந்த அஃப்லடாக்சின்ங்கற விஷம். வறுத்தாலும் முழுசா போகாது. அதனால கசக்கற கடலை, பூஞ்சை புடிச்ச கடலைய துப்பிடு, மிச்சத்தோட சேத்து அரைச்சுடாத.

பிரெட்ல ஒரு மூலைல பச்சையா பூத்தா அந்த மூலைய பிச்சுட்டு சாப்பிடறாங்களாமே, வேணாம்னு சொல்லு. பிரெட்டு ஸ்பாஞ்சு, நூல் நூலா வேர் உள்ள ஓடியிருக்கும், நமக்கு தெரியறது மேல இருக்கறது மட்டும்தான். கெட்டி சீஸ்னா சுத்தி ரெண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்த வச்சுக்கலாம். முட்டைய தண்ணில போட்டு பாக்கறது நல்லதுதான் ஆனா அது வயசத்தான் சொல்லும், ஓட்டுல இருக்கற நுண்ணிய துளை வழியா ஈரம் போய் காத்து சேர்றதால மிதக்குது, உள்ள சால்மொனெல்லா இருக்கா இல்லையான்னு அதுக்கு தெரியாது. இன்னொண்ணு, மோந்து பாக்கறதோட நிறுத்திக்க சொல்லு, நாக்கு நுனில வச்சு டெஸ்ட் பண்றது வேணவே வேணாம். உப்பிப்போன டின்ன மோந்து பாக்கக்கூட திறக்கக்கூடாது, பொட்டுலிசம்னு நரம்பையே முடக்கற விஷம் அதுல இருக்கலாம், விளையாட்டு இல்ல.

அப்ப எதத்தான் நம்பறதுன்னு கேப்ப. தேதி அடிச்சவனுக்கும் தெரியாத, மூக்குக்கும் தெரியாத ஒரு விஷயம் உனக்கு மட்டும்தான் தெரியும், அத உங்க வீட்ல எப்ப திறந்தீங்க, எப்ப சமைச்சீங்க, எவ்ளோ நேரம் வெளிய கிடந்துச்சு. என்னக் கேட்டா அதத்தான் முதல்ல பாக்கணும்பேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி குஷியா பெருகும், தோதான சூடு கிடைச்சா சிலது 20 நிமிஷத்துல ரெட்டிப்பாகும், அதனாலதான் சமைச்சத ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அகலமான பாத்திரத்துல பரப்பி ஆற விட்டு உள்ள வை, பெரிய குண்டானோட வச்சா நடுவுல ராத்திரி பூரா வெதுவெதுப்பாவே இருக்கும். ஒரு மார்க்கரும் டேப்பும் ஃப்ரிட்ஜ் மேல போட்டு வை, எது திறந்தாலும் அன்னிக்கு தேதிய எழுதி ஒட்டு, உங்க அத்தையையே ஒட்ட சொல்லேன், மாமியார் மருமக சண்டைல பாதி அதுலயே போயிடும். சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணும் வாங்கி உள்ள வை, 5க்கு மேல காட்டினா பட்டன திருகு. பால கதவுல வைக்காத, அங்கதான் சூடு ஏறி இறங்கும், இவர மாதிரி ஒரு ஆள் வீட்ல இருந்தா கேக்கவே வேணாம். யூஸ் பை தேதிக்குள்ள தீராதுன்னு தோணினா அதுக்கு முன்னாடியே ஃப்ரீசர்ல போட்ரு, மைனஸ் 18ல கிருமி வளராது, ஆனா சாகவும் சாகாது, அதனால திரும்ப எடுக்கறப்ப ஃப்ரிட்ஜ் உள்ளயே கரைய விடு.

எனக்கு உண்மையான கோவம் யார் மேலன்னா இந்த தேதிய அடிக்கறவங்க மேலதான், பாக்கெட் மடிப்புல, பளபளன்னு இருக்கற இடத்துல, அழிஞ்ச மை, எறும்பு சைஸ் எழுத்து. நான் இப்பல்லாம் ஃபோன்ல போட்டோ புடிச்சு பெருசு பண்ணித்தான் படிக்கறேன், நீயும் அப்படியே பண்ணு. நாத்தனாருக்கு எந்த மாசம் டேட்டுன்னு எழுதவே இல்லையே, அடுத்த லெட்டர்ல மறக்காம எழுது. அத்தைக்கு என் நமஸ்காரம் சொல்லு, இந்த கடிதத்த மட்டும் அவங்க கண்ணுல காட்டிடாத.

உன்
சுதா