கல்லையும் இடத்தையும் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கு வணக்கம்.

பஞ்சாயத்து கொடுத்த ஓர் அறையில், ஒற்றை அலமாரியோடு தொடங்கிய நம் ஊர் புதைபடிவ அருங்காட்சியகம், அதாவது கல்லாய் மாறிய பழங்கால உயிர்களின் அருங்காட்சியகம், இன்று மூன்று அறைகளாகிவிட்டது. திறப்பு விழா மேடையில் எல்லாருக்கும் நன்றி சொல்ல நேரம் போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஆடு மேய்க்கும் அண்ணன்மாருக்கு. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துப் பக்கத்துப் பொட்டலில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால், எந்த ஓடைக்கரையில் புதுக்கல் தலைகாட்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட், தோட்டா மாதிரியான பெலம்னைட் என்னும் அழிந்துபோன கடல் உயிர்களின் கல், சுறாப்பல் என்று சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் இங்கே கிடந்த கடலையே துண்டில் முடிந்து கொண்டுவந்தீர்கள். ஒருவரும் ஒரு பைசா கேட்கவில்லை. கல்லங்குறிச்சிப் பக்கத்திலிருந்து தடித்த சிப்பிகளைக் கொண்டுவந்து இறக்கிய லாரி ஓட்டுநர் தம்பிக்கும் நன்றி.

இரண்டாம் வருடம் ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது நினைவிருக்கும். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, எடுத்த இடத்தை எழுதி வைத்த சீட்டுகளில் இருந்த எழுத்துதான் கரைந்துவிட்டது. எடுத்த இடம் தெரியாவிட்டால் அது எந்தப் பாறை அடுக்கின் கல், எந்தக் காலத்தது என்று சொல்வது கடினம். அன்று உட்கார்ந்து அழுதேன். மறுநாளே நீங்கள் ஒவ்வொருவராக வந்து, கல்லைப் புரட்டிப் பார்த்து, "இது அய்யனார் கோயில் ஓடையில எடுத்தது", "இது எங்க கிணத்து மண்ணுல வந்தது" என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். நூறு நாள் வேலைக்குப் போய்வந்த அக்காமார், அலுப்போடு அலுப்பாக இருட்டும்வரை இருந்தீர்கள். அதை எப்படி மறப்பேன்?

அப்புறம், கல்லூரி நிலவியல் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தபடி கல்லிலேயே வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்து, எண் எழுதி, மேலே நெயில் பாலிஷ் பூசினோம். பொங்கலுக்கு வாங்கிய பாட்டில்களை அப்படியே கொடுத்துவிட்ட பள்ளிப் பிள்ளைகளே, அந்த எண்கள் இன்றுவரை அழியவில்லை.

1840-களிலேயே இந்த வட்டாரத்துக் கல்லெல்லாம் கப்பலேறி லண்டன் போயிருக்கின்றன. அவற்றில் சிலவாவது நம் முன்னோர் கையில் முதலில் கிடைத்தவையாக இருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால்தான் நம் பதிவேட்டில் 'எடுத்தவர்' என்று ஒரு கட்டம் போட்டு, உங்கள் பெயரை முழுதாக எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னும் 17 கற்களுக்கு இடம் தெரியவில்லை. வாசலோரப் பெட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
அருங்காட்சியகப் பொறுப்பாளர்